பறவைகளின் குடல் நரம்புச் செல்கள்: தோற்றமும் பரவலும்

பறவைகளின் உணவுப்பாதைச் சுவரில், உணவுக்குழல் தொடங்கி குளோயேக்கா எனப்படும் பொதுக்கழிவறை வரை, நரம்புச் செல்கள் வலைபோல் பரவியுள்ளன. இச்செல்களும் இவற்றுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களும் சேர்ந்ததே குடல் நரம்பு மண்டலம் ஆகும். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கட்டளை வராவிட்டாலும் குடல் தசைகளை ஒழுங்காக இயக்கும் திறன் இம்மண்டலத்துக்கு உண்டு.

இந்நரம்புச் செல்களின் மூலச்செல்கள் குடலில் தோன்றுவதில்லை. அவற்றில் பெரும்பான்மையானவை கருவின் தலைக்குச் சற்றுப் பின்னே, முதுகுப்புறத்தில் தோன்றி, குடலுக்குள் நுழைந்து, அதன் முழு நீளத்தையும் கடந்து செல்கின்றன. கோழிக் கருவில் இப்பயணம் ஏறத்தாழ ஆறு நாட்களில் முடிகிறது. பயணம் பாதியில் நின்றால், செல்கள் எட்டாத கடைசிப் பகுதி நரம்பில்லாமல் போகும். மனிதக் குழந்தைகளில் ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய் எனப்படும் பிறவிக் குறைபாட்டில் நேர்வது இதுவே. அந்நோயைப் புரிந்துகொள்ளத் தேவையான அடிப்படைச் செய்திகளில் பல கோழி, காடை முட்டைகளில் செய்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தவை.

அமைப்பும் பணியும்

குடல் சுவரில் நரம்புச் செல்கள் சிறு சிறு கூட்டங்களாக அமைந்துள்ளன. இக்கூட்டங்கள் நரம்பு முடிச்சுகள் எனப்படும். முடிச்சுகளை நரம்பிழைகள் இணைப்பதால் இரண்டு பின்னல்கள் உருவாகின்றன.

வட்டத்தசைக்கும் நீள்தசைக்கும் இடையில் இருப்பது தசையிடைப் பின்னல். இது ஆவர்பாக் பின்னல் என்றும் அழைக்கப்படும். தசைகளைச் சுருக்கியும் தளர்த்தியும் உணவை நகர்த்துவது இதன் முதன்மைப் பணி. வட்டத்தசைக்கு உட்புறம், சளிப்படலத்துக்கு அடியில் இருப்பது மைஸ்னர் பின்னல். சுரப்பு, நீர் உறிஞ்சல், இரத்த ஓட்டம் ஆகியவற்றை இது ஒழுங்குபடுத்துகிறது.

பறவைகளின் குடல் இயக்கம் பாலூட்டிகளின் இயக்கத்தைவிடச் சிக்கலானது. பறவைக்குப் பற்கள் இல்லை. சுரப்பி இரைப்பையில் அமிலமும் நொதியும் கலந்த உணவு, தடித்த தசைகொண்ட அரைவைப்பைக்குச் சென்று அரைபடுகிறது. பின்னர் அது மீண்டும் சுரப்பி இரைப்பைக்குத் திரும்புவதும், சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து அரைவைப்பைக்கு வருவதும் இயல்பாக நிகழ்கின்றன. குடலின் மறுமுனையிலும் இத்தகைய பின்னோட்டம் உண்டு. சிறுநீரகத்திலிருந்து பொதுக்கழிவறைக்கு வரும் கழிவு, எதிர்த்திசை அலையியக்கத்தால் பெருங்குடலுக்கும் குருட்டுக்குடல்களுக்கும் தள்ளப்படுகிறது. அங்கே நீரும் உப்பும் மீட்கப்படுகின்றன. இருதிசை இயக்கமும் தடுமாறாமல் நடைபெற, குடலின் எல்லாப் பகுதியிலும் நரம்புச் செல்கள் போதிய எண்ணிக்கையில் அமைந்திருக்க வேண்டும்.

மூலம்: நரம்பு முகடு

கரு வளர்ச்சியின் தொடக்கத்தில் முதுகுப்புறத் தகடு ஒன்று மடிந்து குழலாகிறது. மூளையும் தண்டுவடமும் இந்நரம்புக் குழலிலிருந்து உருவாகின்றன. குழல் மூடிக்கொள்ளும் விளிம்பில் உள்ள செல்களின் தொகுதி நரம்பு முகடு எனப்படும். வில்ஹெல்ம் ஹிஸ் என்னும் அறிஞர் 1868இல் இதை முதன்முதலில் விவரித்ததும் கோழிக் கருவில்தான்.

நரம்பு முகட்டுச் செல்கள் பிறந்த இடத்தில் தங்குவதில்லை. அவை குழலை விட்டு வெளியேறி உடலெங்கும் பரவுகின்றன. தோலின் நிறமிச் செல்கள், அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி, முகத்தின் எலும்புகள் பல, தானியங்கு நரம்பு முடிச்சுகள் ஆகியவை இவற்றிலிருந்தே தோன்றுகின்றன.

நரம்புக் குழலின் இருபுறமும் உடற்கண்டங்கள் என்னும் திசுக்கட்டிகள் வரிசையாக அமைவதால், முகட்டின் எந்தப் பகுதி என்பதை அவற்றின் எண்ணைக்கொண்டு குறிப்பிடுவர். முதல் 7 உடற்கண்டங்களுக்கு நேரே உள்ள பகுதி வேகஸ் பகுதி எனப்படுகிறது. 28ஆம் உடற்கண்டத்துக்குப் பின்னுள்ள பகுதி திருவெலும்புப் பகுதி ஆகும். குடல் நரம்புச் செல்கள் முதன்மையாக இவ்விரு பகுதிகளிலிருந்தே வருகின்றன.

வேகஸ் பகுதியின் பங்கை யின்டெமா, ஹாமண்ட் ஆகிய இருவர் 1954இல் காட்டினர். கோழிக் கருவில் அப்பகுதி முகட்டை அவர்கள் நீக்கியபோது குடலில் நரம்பு முடிச்சுகள் உருவாகவில்லை. எனினும் நீக்கல் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பகுதியை நீக்கினால் எது இல்லாமல் போகிறது என்பதை அது காட்டும். அப்பகுதிச் செல்கள் எந்த வழியாக, எந்நாளில், எங்கே சென்றன என்பதைக் காட்டாது. அதற்குச் செல்களுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

காடை–கோழி ஒட்டுக்கரு

பிரெஞ்சுக் கருவியலாளர் நிக்கோல் லெ துவாரன் அந்த அடையாளத்தை 1969இல் அறிவித்தார். ஜப்பானியக் காடையின் செல்லில், மரபுப்பொருளின் ஒரு பகுதி உட்கருவின் நடுவே அடர்ந்த திரளாகக் காணப்படும். கோழியின் செல்லில் அது சிதறியிருக்கும். தகுந்த சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டையும் எளிதில் வேறுபடுத்தலாம். இவ்வடையாளம் செல் எத்தனை முறை பிரிந்தாலும் மறைவதில்லை.

இதைப் பயன்படுத்தி, கோழிக் கருவின் நரம்புக் குழலில் ஒரு சிறு துண்டை நீக்கி, அதே வயதுடைய காடைக் கருவின் அதே பகுதித் துண்டை அங்கே பொருத்தினர். முட்டை ஓட்டில் சிறு சாளரம் வெட்டி இந்த நுண் அறுவை செய்யப்படுகிறது. பின் சாளரத்தை மூடி முட்டை மீண்டும் அடைகாப்புக் கருவியில் வைக்கப்படும். சில நாட்கள் கழித்துக் குடலை வெட்டிப் பார்க்கும்போது, காடைச் செல் எங்கெல்லாம் உள்ளதோ அங்கெல்லாம் ஒட்டிய துண்டின் வழித்தோன்றல்கள் சென்றிருக்கின்றன என்று பொருள்.

லெ துவாரனும் மரி-ஏமே தெயேயும் 1973இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வேகஸ் பகுதிச் செல்கள் குடலின் முழு நீளத்தையும் நிரப்புகின்றன. திருவெலும்புப் பகுதிச் செல்கள் கொப்பூழுக்குப் பின்னுள்ள குடலில் மட்டும் பங்களிக்கின்றன. இரண்டாவது முடிவு நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. ஆலன் பர்ன்ஸும் லெ துவாரனும் 1998இல் காடைச் செல்லை மட்டும் இனங்காணும் எதிர்ப்பொருளையும் நரம்புச் செல்லை மட்டும் இனங்காணும் எதிர்ப்பொருளையும் ஒரே வெட்டில் பயன்படுத்தி அம்முடிவை உறுதிசெய்தனர்.

பயணத்தின் கால வரிசை

கோழி முட்டையின் அடைகாப்புக் காலம் 21 நாட்கள். வேகஸ் பகுதிச் செல்களின் பயணம் அதன் முதற்பாதிக்குள் முடிந்துவிடுகிறது. அதன் கட்டங்கள் ஏறத்தாழப் பின்வருமாறு அமைகின்றன:

• 2ஆம் நாள்: செல்கள் நரம்புக் குழலை விட்டு வெளியேறி வயிற்றுப்புறம் நோக்கி நகர்கின்றன. தொண்டைப் பகுதி வளைவுகளின் பின்பகுதியில் திரள்கின்றன.
• 3ஆம் நாளளவில்: முன்குடலுக்குள் நுழைகின்றன.
• 4ஆம் நாள்: அரைவைப்பையாக வளரும் பகுதியை எட்டுகின்றன.
• 5 முதல் 6ஆம் நாள்: குடல் கொப்பூழோடு இணையும் பகுதியைக் கடக்கின்றன.
• 6 முதல் 7ஆம் நாள்: குருட்டுக்குடல்களின் அரும்புகளை அடைகின்றன.
• 8 முதல் 8½ நாள்: பெருங்குடலின் கடைசி எல்லையை எட்டுகின்றன.

இக்காலத்தில் குடலும் விரைந்து நீள்கிறது. ஆகவே செல்கள் நிலையான ஒரு தொலைவைக் கடக்கவில்லை, நீண்டுகொண்டே போகும் பாதையில் முன்னேறுகின்றன. முன்னணியில் உள்ள செல்கள் ஒன்றையொன்று தொட்டபடி சங்கிலிபோல் நகர்கின்றன. அவற்றின் பின்னால் உள்ளவை முடிச்சுகளாகத் திரண்டு, சில நரம்புச் செல்களாகவும் சில கிளியா செல்களாகவும் மாறத் தொடங்குகின்றன.

முன்னேற்றத்துக்கு உந்துதலாக இருப்பது செல் பிரிவு. முன்னணிக்கு அப்பால் வெறுமையான குடல் இருக்கும்வரை செல்கள் பிரிந்து பெருகி அதை நிரப்புகின்றன. ஏற்கெனவே நிரம்பிய பகுதியில் நகர்வு குறைகிறது. செல் பிரிவைத் தடுத்தால் முன்னணி தேங்கிவிடும் என்பது காடைக் கருவின் குடலில் காட்டப்பட்டுள்ளது.

பெருங்குடலில் இரு மூலங்கள்

பெருங்குடலின் நிலை குடலின் ஏனைய பகுதிகளிலிருந்து மாறுபட்டது. இங்கே வேகஸ் செல்கள் முதலில் வட்டத்தசையின் உட்புறமாக, சளிப்படலத்துக்கு அடியில் பரவுகின்றன. பிறகு வெளிப்புறம் நகர்ந்து தசையிடைப் பின்னலின் இடத்தை அடைகின்றன.

திருவெலும்புப் பகுதிச் செல்கள் எதிர்த்திசையில் வருகின்றன. இவை முதலில் குடலுக்குள் நுழையாமல், அதன் முதுகுப்புறத்தில் குடல்தாங்கிச் சவ்வில் தங்கி ரெமாக் நரம்பை உருவாக்குகின்றன. ஜெர்மானிய அறிஞர் ரோபர்ட் ரெமாக்கின் பெயரால் வழங்கும் இந்நரம்பு பறவைகளுக்கே உரியது. நரம்பு முடிச்சுகள் நிறைந்த இது, பொதுக்கழிவறை அருகிலிருந்து குடலையொட்டி முன்னோக்கிச் சிறுகுடல் வரை நீள்கிறது. வேகஸ் செல்கள் பெருங்குடலின் முடிவை எட்டிய பின்னரே, 10ஆம் நாளளவில், திருவெலும்புப் பகுதிச் செல்கள் ரெமாக் நரம்பிலிருந்து குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் குடல் சுவருக்குள் புகுகின்றன. அவை முதலில் தசையிடைப் பின்னலில் அமர்ந்து, பின் உட்புறம் நகர்கின்றன.

இச்செல்களின் பங்கு கடைசி முனையில்தான் மிகுதி. அங்கேயும் அவை நரம்புச் செல்களில் 17 விழுக்காடு வரையே உள்ளன. முன்னோக்கிச் செல்லச்செல்ல அவற்றின் எண்ணிக்கை குறைகிறது.

வேகஸ் செல்கள் வராவிட்டால் திருவெலும்புப் பகுதிச் செல்கள் அவற்றின் இடத்தை நிரப்புமா என்ற கேள்வி மருத்துவ நோக்கிலும் முக்கியமானது. வேகஸ் முகட்டை நீக்கிய கோழிக் கருக்களில் 2000இல் இது சோதிக்கப்பட்டது. திருவெலும்புப் பகுதிச் செல்கள் வழக்கம்போல் பெருங்குடலுக்குள் வந்தன. ஆனால் பெருகி வெற்றிடத்தை ஈடுசெய்யவில்லை. 2002இல் வேகஸ் முகட்டுத் துண்டைத் திருவெலும்புப் பகுதியில் ஒட்டியபோது, அச்செல்கள் பெரும் எண்ணிக்கையில் பெருங்குடலை ஆக்கிரமித்தன. புறப்படும் இடம் ஒன்றேயாயினும் பெருகிப் பரவும் ஆற்றல் இரு வகைச் செல்களிலும் வேறு என்பதை இவ்விரு சோதனைகளும் சேர்ந்து காட்டுகின்றன.

செல்லின் விதியை முடிவுசெய்வது எது?

பரவும் ஆற்றலில் பிறப்பிடம் வேறுபாட்டை உண்டாக்கினாலும், செல் இறுதியில் எவ்வகைச் செல்லாக மாறும் என்பதில் சென்றடையும் இடத்துக்குப் பெரும் பங்குண்டு. லெ துவாரனும் தெயேயும் 1974இல் இதை இடமாற்ற ஒட்டுகளால் காட்டினர்.

18 முதல் 24 வரையிலான உடற்கண்டங்களுக்கு நேரேயுள்ள முகடு இயல்பாக அட்ரினல் சுரப்பியின் உட்பகுதிச் செல்களைத் தரும். அத்துண்டை வேகஸ் பகுதியில் ஒட்டியபோது, அதன் செல்கள் குடலுக்குள் சென்று குடல் நரம்பு முடிச்சுகளாயின. எதிர்மாறாக, தலைப்பக்க முகட்டை அட்ரினல் நிலையில் ஒட்டியபோது, அதன் செல்கள் அட்ரினல் சுரப்பியில் அமர்ந்து அங்குள்ள செல்களைப் போலவே மாறின. பயணம் தொடங்கும்போது இச்செல்களின் தொழில் இன்னும் உறுதியாகவில்லை என்பது இதன் பொருள்.

பயணத்தை நடத்தும் சைகைகள்

குடல் சுவர் வெறும் பாதையாக மட்டும் இருப்பதில்லை. அதன் திசு வெளியிடும் புரதங்கள் செல்களை அழைக்கவும் பெருக்கவும் நிறுத்தவும் செய்கின்றன.

ஜி.டி.என்.எஃப் என்னும் வளர்காரணிப் புரதத்தைக் குடல் திசு சுரக்கிறது. நரம்பு முகட்டுச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ரெட் என்னும் ஏற்பி அதை உணர்கிறது. இச்சைகை செல்களை ஈர்க்கிறது, உயிர்வாழ வைக்கிறது, பிரியவும் தூண்டுகிறது. எண்டோதீலின்-3 என்னும் புரதம் வேறு வகையில் உதவுகிறது. செல்கள் உரிய காலத்துக்கு முன்பே நரம்புச் செல்லாக முதிர்ந்துவிடாமல் தடுத்து, தொடர்ந்து பிரியும் நிலையில் அவற்றை வைத்திருக்கிறது. முதிர்ந்துவிட்ட செல்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. ஆகவே இச்சைகை குறைந்தால் முன்னணியில் செல்கள் பற்றாமல் போகும்.

குடலின் உள்படலம் வெளியிடும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் புரதம் எல்லைக்காவல் போன்றது. அதன் விளைவால் உள்படலத்தை ஒட்டிய பகுதிக்குள் நரம்பு முகட்டுச் செல்கள் நுழைவதில்லை. இரு பின்னல்களும் உரிய ஆழத்தில் அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பறவைகளில் குருட்டுக்குடல் இணையாக உள்ளது. சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தில் அமைந்த இவ்விரு அரும்புகளிலும் ஜி.டி.என்.எஃப், எண்டோதீலின்-3 ஆகியவை மிகுதியாகச் சுரக்கின்றன. செல்கள் வந்து சேருமுன் குருட்டுக்குடல் அரும்புகளை நீக்கிவிட்டால், பெருங்குடலில் நரம்பு மண்டலம் உருவாவதில்லை என்பது 2021இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. நெடும்பயணத்தின் பிற்பகுதிக்குத் தேவையான செல்கள் பெருகும் இடமாக இந்தச் சந்திப்பைக் கருதலாம்.

கடைசிப் பகுதி ஏன் பாதிக்கப்படுகிறது?

குடலை நிரப்பும் செல்கள் அனைத்தும் தொடக்கத்தில் ஒரு சிறு கூட்டமாகவே புறப்படுகின்றன. அக்கூட்டத்தின் ஒரு பகுதியை நீக்கினாலும் முன்குடலும் சிறுகுடலும் பெரும்பாலும் நிரம்பிவிடுகின்றன. பற்றாக்குறை வெளிப்படுவது பெருங்குடலில்தான். வரிசையில் கடைசியாக நிரம்பும் இடம் அதுவே என்பதால், எங்கே குறை நேர்ந்தாலும் அதன் விளைவு அங்கே போய்ச் சேர்கிறது.

காலமும் இதே விளைவைத் தரும். குடல் திசு நாளாக நாளாக முதிர்ந்து, புதிய செல்கள் நுழைவதற்கு ஏற்ற தன்மையை இழக்கிறது. தாமதமாக வரும் முன்னணி, போதிய செல்கள் இருந்தாலும், முடிவை எட்டாமல் நின்றுவிடக்கூடும். தொடங்கிய எண்ணிக்கை, பெருகும் வேகம், குடல் நீளும் வேகம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பயணம் நிறைவடையும்.

நிறமும் குடலும்

நிறமிச் செல்களும் குடல் நரம்புச் செல்களும் நரம்பு முகட்டிலிருந்து வருவதால், ஒரே மரபணுக் குறை இரண்டையும் பாதிக்கலாம். மனிதரிலும் எலியிலும் குதிரையிலும் எண்டோதீலின் ஏற்பி ஒன்றில் மாற்றம் நேர்ந்தால், வெண்திட்டுகளும் நரம்பற்ற பெருங்குடலும் சேர்ந்தே தோன்றுவதுண்டு.

பறவைகளில் இவ்விரு பணிகளும் பிரிந்துள்ளன. நிறமிச் செல்களுக்கென்று அவற்றில் இரண்டாவது எண்டோதீலின் ஏற்பி ஒன்று உள்ளது. அந்த ஏற்பியின் மரபணுவில் மாற்றம் கொண்ட கோழிகளிலும், பாண்டா எனப்படும் காடை வகையிலும் இறகுகள் வெண்மையாகவோ வெண்புள்ளிகளுடனோ இருக்கும். ஆயினும் அவை உயிருடன் பொரித்து இயல்பாக வளர்கின்றன. குடல் நரம்புச் செல்கள் மற்ற ஏற்பியைச் சார்ந்திருப்பதே இதற்குக் காரணம்.

செயல்படத் தொடங்குதல்

செல்கள் குடலை நிரப்பியவுடன் அதன் இயக்கத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிடுவதில்லை. கோழிக் கருவின் குடல் தசை, நரம்பின் துணையில்லாமல் தானாகவே முதலில் சுருங்கத் தொடங்குகிறது. நரம்புகளின் தாக்கம் இயக்கத்தில் தெளிவாகத் தெரிவது 16ஆம் நாளளவில்தான். இடைப்பட்ட நாட்களில் நரம்புச் செல்கள் வகைபிரிந்து இணைப்புகளை ஏற்படுத்துகின்றன. அவற்றில் சில தசையைச் சுருக்கும், சில தளர்த்தும், சில குடல் சுவரின் இழுவையை உணரும். குஞ்சு பொரித்து முதல் இரையைக் கொத்தும்போது இந்த வலை செயலுக்குத் தயாராக இருக்கும்.

மனித மருத்துவத்துடன் தொடர்பு

ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய் ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886இல் இதை விவரித்தார். இக்குழந்தைகளின் பெருங்குடல் முனையில் நரம்பு முடிச்சுகள் இல்லை. அப்பகுதி தளராமல் இறுகியே இருப்பதால் மலம் தடைபட்டு, அதற்கு முன்னுள்ள குடல் வீங்குகிறது. நரம்பற்ற பகுதியை அறுவையால் நீக்கி, நலமான குடலைக் கீழே இணைப்பதே இன்றைய சிகிச்சை. கோழிக் கருவில் அறியப்பட்ட பயணத் திசையே, குறை ஏன் எப்போதும் கடைசி முனையிலிருந்து தொடங்குகிறது என்பதை விளக்குகிறது. இந்நோயில் மிகுதியாகக் காணப்படும் மரபணு மாற்றங்கள் ரெட் ஏற்பியின் மரபணுவில் உள்ளன.

கோழிக் கரு இன்றும் இத்துறையின் சோதனைக்களமாக உள்ளது. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட, பச்சையாக ஒளிரும் புரதம் கொண்ட கோழிகளின் கருக்கள், காடைத் துண்டுக்குப் பதிலாக இப்போது பயன்படுகின்றன. மனிதக் குருத்தணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த குடல் நரம்பு மூலச்செல்களும் கோழிக் கருவில் செலுத்திச் சோதிக்கப்பட்டுள்ளன. அவை கருவின் குடலைத் தேடிச் சென்று அமர்கின்றனவா என்பதே அச்சோதனையின் கேள்வி. நரம்பற்ற குடலை வெட்டி நீக்குவதற்கு மாற்றாக, அதில் புதிய நரம்புச் செல்களைக் குடியேற்றும் சிகிச்சையை உருவாக்குவது இம்முயற்சிகளின் நோக்கமாகும்.